நாய்க்குட்டியும் மாதச் சம்பளமும்

கேள்வி: தெருவில் கிடந்த பெண் நாய்க்குட்டியை என் மகள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு மாதம் இருக்கலாம். "டாக்டர், ஊசி என்று ஆயிரக்கணக்கில் போகும்" என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்திலேயே இரண்டு மூன்று கிளினிக் இருக்கின்றன. எதை நம்புவது? மாதம் எவ்வளவு ஒதுக்குவது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வீட்டுக்காரர் சொல்வதுபோல ஆயிரக்கணக்கில் போவது, பெரும்பாலும் ஊசி போடாமல் விட்ட குட்டிகளுக்குத்தான். பார்வோ என்ற நோய் வந்தால் வாந்தி, ரத்தப்பேதி. நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படியும் பிழைக்காமல் போகிற குட்டிகள் உண்டு. அதனால் குட்டி துள்ளி விளையாடும் இப்போதே போய் டாக்டரைப் பாருங்கள். நோய் வந்த ராத்திரியில் நல்ல டாக்டரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

கிளினிக்கின் ஏசியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, தமிழ்நாடு கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம். மருந்து தரும் முன் குட்டியை எடை போடுகிறாரா? தடுப்பூசிக் குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டித் தருகிறாரா? அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, தெரிந்த கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்வது காசை வீணாக்குகிற வேலை. "ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது என்றால் எங்கே போவது?" என்றும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவரிடம் போங்கள்.

நீங்கள் இருப்பது பெரம்பூர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். 1903-இல் தொடங்கிய கல்லூரி; தனித்தனித் துறை மருத்துவர்களும் ஸ்கேனும் ஒரே வளாகத்தில் உண்டு. செலவு தனியாரைவிடக் குறைவு, கூட்டம் அதிகம். ஊசிக்கும் சின்ன உபாதைக்கும் தெருமுனை டாக்டர், பெரிய சிக்கலுக்கு வேப்பேரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஊசியை ஏன் மூன்று முறை போடுகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்பார். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி, தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 3, 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும் தனி. மாநகராட்சி உரிமம் வாங்கவும் அந்தச் சான்று வேண்டும். முதல் ஆறு மாதம் கொஞ்சம் கை கடிக்கும். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, நம் ஊர் வெயிலுக்கு வருஷம் முழுக்க உண்ணி மருந்து. உண்ணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, வாரக்கணக்கில் மாத்திரை என்று இழுக்கும்.

பெண் குட்டி என்பதால் இன்னொன்று. ஆறு மாதத்தை ஒட்டிக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். செய்யாத நாய்க்கு நடுவயதில் கருப்பையில் சீழ் கட்டினால் அவசர ஆபரேஷன்தான். அதன் செலவு பல மடங்கு.

தீவனத்தைச் சேர்க்காமல் மாதம் 1000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஊசி, மருந்து போக மிஞ்சுவது கருத்தடைக்கும் அவசரத்துக்கும். காப்பீடு எடுப்பதானால், ஊசி தவறிய நோய்களுக்கும் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் பணம் தருவார்களா என்று முதலில் படியுங்கள். வீட்டில் வளரும் நாட்டு நாய்க்கு இந்தச் சேமிப்பே போதும் என்பது என் எண்ணம்.

காய்ச்சல், வலி என்று உங்கள் வீட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மூன்று ஊசியும் முடியும்வரை குட்டியைத் தெருவில் விடாமல் வைத்திருங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் ஊசிக்கு இந்த வாரமே போய்விடுங்கள்.