தமிழில் தேடும் புத்தகப் பட்டியல்: டேக் அமைப்பது எப்படி?

வீட்டில் உள்ள புத்தகங்களையோ, உங்கள் குடியிருப்பின் சிறு நூலகத்தையோ கம்ப்யூட்டரில் பட்டியலிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸாம்ப் தொகுப்பை இன்ஸ்டால் செய்து, டேட்டாபேஸில் ஒரு டேபிள் அமைத்து, பிஎச்பி மூலம் பட்டியல் பிரவுசரில் தெரியும்படி செய்தாயிற்று. மேலே ஒரு தேடல் பெட்டியும் வைத்துவிட்டீர்கள்.

அந்தப் பெட்டியில் "இசை" என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். விபுலானந்தரின் "யாழ் நூல்" வராது. ஆபிரகாம் பண்டிதரின் "கருணாமிர்த சாகர"மும் வராது. முன்னது 1947இலும் பின்னது 1917இலும் வெளிவந்தவை. தமிழிசை ஆராய்ச்சியில் இவ்விரண்டையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. இரண்டும் உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. ஆனால் தேடியவர் "நம்மிடம் இல்லை போலிருக்கிறது" என்று முடிவு செய்து, மயிலாப்பூர் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் போய் விசாரிப்பார்.

காரணம் எளிது. கம்ப்யூட்டர் தலைப்பில் உள்ள எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது. இந்தத் தலைப்புகளில் "இசை" என்ற சொல்லே இல்லை. சரி, தலைப்பில் "தமிழிசை" என்று இருந்தால்? அதுவும் சிக்காது! "ழி" என்ற எழுத்தை யூனிகோடு முறையில் "ழ" என்ற குறியும் இகரக் கொம்பும் சேர்த்துத்தான் சேமிக்கிறார்கள். அங்கே "இ" என்ற தனி எழுத்து கிடையாது. நம் கண்ணுக்குத் தமிழிசைக்குள் இசை இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு இல்லை. மெல்லிசைக்கும் இதே கதிதான்.

இதற்குத்தான் டேக் உதவுகிறது. டேக் என்பது புத்தகத்தின் மேல் நாம் ஒட்டும் பொருள் சீட்டு. ஒரு புத்தகத்துக்கு எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம். 2000களின் நடுவில் டெலிஷியஸ், பிளிக்கர் போன்ற இணையதளங்கள் இந்த வழக்கத்தைப் பரப்பின. ஆனால் இதற்கு அடிப்படையான சிந்தனை நம் சேப்பாக்கத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு புத்தகத்தை ஒரே தலைப்பின் கீழ் அடைக்காமல், அது எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகங்களாகப் பிரித்துப் பார்ப்பது அவர் வழி. டேக் வைக்கும்போது இந்தக் கேள்விகளையே கேட்டுக்கொள்ளுங்கள். நூறு டேக் யோசிப்பதைவிட இது பலன் தரும்.

இனி டேட்டாபேஸுக்கு வருவோம். வேலை தொடங்கும் முன் பிஎச்பிமைஅட்மின் திரையில் எக்ஸ்போர்ட் கிளிக் செய்து ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். டேபிளின் எழுத்து முறை யூடிஎப்8எம்பி4 என்று இருக்கிறதா எனவும் பாருங்கள். லத்தீன்1 என்று இருந்தால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் சேமிப்பாகும்.

புதியவர்கள் பலர் புத்தக டேபிளிலேயே "டேக்" என்று ஒரு காலம் சேர்த்து, அதில் "இசை, வரலாறு, தஞ்சாவூர்" என்று கமா போட்டு எழுதுவார்கள். வேண்டாம். ஒரு டேக்கின் பெயரை மாற்ற வேண்டுமானால் எல்லா வரிகளையும் திருத்த வேண்டிவரும். அதற்குப் பதில் புத்தக டேபிளை அப்படியே விட்டுவிட்டு, மேலும் இரண்டு டேபிள்கள் அமையுங்கள். ஒன்றில் டேக் எண்ணும் டேக் பெயரும். மற்றொன்றில் புத்தக எண்ணும் டேக் எண்ணும் மட்டும். யாழ் நூல் உங்கள் பட்டியலில் 41ஆம் எண், "இசை" 7ஆம் எண் டேக் என்றால், இந்த இணைப்பு டேபிளில் 41, 7 என்று ஒரு வரி சேரும். அவ்வளவுதான். இரண்டு காலங்களையும் சேர்த்து பிரைமரி கீ ஆக்கிவிட்டால், ஒரே டேக் ஒரே புத்தகத்துக்கு இரண்டு முறை ஏறாது.

இன்னொரு சிறு டேபிளும் எனக்கு அவசியமாகப் படுகிறது: மாற்றுப்பெயர் டேபிள். மயிலாப்பூரை மயிலை என்பார்கள், மைலாப்பூர் என்றும் எழுதுவார்கள். தியாகராய நகர், தி.நகர் எல்லாம் ஒன்றே. கோவில், கோயில் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை வடிவங்களையும் அந்தந்த டேக் எண்ணுடன் எழுதிவிட்டால், எதை டைப் செய்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். டேக்குகளைப் புதிதாக உருவாக்கும் உரிமையை மட்டும் ஒருவரே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "வரலாறு", "சரித்திரம்", "ஹிஸ்டரி" என்று ஆளுக்கொன்று முளைத்துவிடும்.

தலைப்பில் தேடுவதையும் விட்டுவிட வேண்டாம். கொஞ்சம் திருத்தினால் போதும். லைக் கட்டளையில் "மயிலாப்பூர்" என்று கொடுத்தால் "மயிலாப்பூரில்" என்ற சொல் உள்ள தலைப்பு வராது. முன்னதில் "ர" வுக்குப் பிறகு புள்ளி, பின்னதில் அதே இடத்தில் இகரக் கொம்பு. கடைசிப் புள்ளியை நீக்கி "மயிலாப்பூர" என்று தேடச் செய்யுங்கள். மயிலாப்பூர், மயிலாப்பூரில், மயிலாப்பூருக்கு எல்லாம் வரிசையாக வரும். "ம்" என்று முடியும் சொல்லில் அந்த எழுத்தையே எடுத்துவிடுங்கள். "இலக்கண" என்று தேடினால் இலக்கணமும் கிடைக்கும், இலக்கணத்தில் என்பதும் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "கடல்" தேடினால் "கடல" என்று மாறி, கடலை சாகுபடியும் கூடவே வரும்! ஆகவே டேக் மூலம் கிடைத்தவற்றை மேலேயும், தலைப்பு மூலம் கிடைத்தவற்றைக் கீழேயும் காட்டுவது நல்லது. இரண்டிலும் வரும் புத்தகத்தை ஒரு முறை மட்டும் காட்டுங்கள்.

திரையில் சரியாகத் தெரிந்தும் தேடலில் கிடைக்காத சொற்கள் சில இருக்கும். "கோ" என்ற எழுத்தின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பிஎச்பியில் உள்ள நார்மலைசர் வசதி இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். பதிவு செய்யும்போதும் தேடும்போதும், இரண்டு இடத்திலும் இதைப் பயன்படுத்த வேண்டும்.

தேடல் பெட்டியில் வருவதை அப்படியே எஸ்க்யூஎல் கட்டளையோடு ஒட்டாதீர்கள். யாராவது அங்கே கட்டளையையே எழுதி உங்கள் டேபிளை அழிக்க வழி உண்டு. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் முறையில் அனுப்பினால் அந்தப் பயம் இல்லை.

முடித்ததும் நான்கு சொற்களைச் சோதித்துப் பாருங்கள்: இசை, மயிலை, மைலாப்பூர், கோயில். முதல் சொல்லுக்கு யாழ் நூலும் கருணாமிர்த சாகரமும் வர வேண்டும். நடுவில் உள்ள இரண்டுக்கும் டேக் வழியாக வரும் புத்தகங்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும். வரவில்லையென்றால் முதலில் மாற்றுப்பெயர் டேபிளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு வடிவம் அங்கே விடுபட்டிருக்கும்.