மாறா அடித்தள லினக்ஸில் மென்பொருட் பொதிகளும் அவற்றின் சார்புகளும்

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. எழுத்துக்களைத் திரையில் அமைப்பதற்கு ஒரு நிரல் நூலகம், படங்களைக் காட்டுவதற்கு மற்றொன்று, ஒலியைக் கையாள வேறொன்று என அது பல துணைப் பொதிகளை நாடி நிற்கிறது. இத்தொடர்பே சார்பு எனப்படும். சாதாரண லினக்ஸ் அமைப்புகளில் ஒவ்வொரு கணிப்பொறியும் இச்சார்புகளைத் தானே கணக்கிட்டு, இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பின் மீதே கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளுகிறது. ஒரே நாளில் ஒரே விதமாக அமைக்கப்பட்ட பத்துக் கணிப்பொறிகள் சில ஆண்டுகளில் பத்து விதமாகிவிடுவது இதனால்தான். மாற்றத்தின் நடுவே மின்சாரம் நின்றுபோனால் அமைப்பு பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடவும் கூடும். பள்ளிகளில் கணிப்பொறிகளைப் பராமரிப்போருக்கு இத்தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

மாறா அடித்தள முறை இதற்கு வேறு வழி காண்கிறது. 2018-ஆம் ஆண்டில் பெடோரா 29-உடன் வெளிவந்த சில்வர்புளூ இதற்குத் தக்க உதாரணம். இதில் 'யூஎஸ்ஆர்' அடைவு முழுவதும் படிப்பதற்கு மட்டுமே உரியது, எழுத இயலாது. சார்புகள் யாவும் தயாரிப்பிடத்திலேயே தீர்க்கப்பட்டு, இமேஜ் எனப்படும் முழு உருவமாக அடித்தளம் வந்து சேருகிறது. புதிய பதிப்பு பழையதன் அருகிலேயே அமைக்கப்படுகிறது. கணிப்பொறியை மறுமுறை துவக்கும்போதுதான் அது நடைமுறைக்கு வருகிறது. இடையில் மின்சாரம் நின்றாலும் பழைய அமைப்புக்குக் கேடில்லை. இரு பதிப்புகளுக்கும் பொதுவான கோப்புகள் வட்டில் ஒருமுறையே வைக்கப்படுவதால் இடமும் இரட்டிப்பாவதில்லை. புதியது பழுதாயின் துவக்கப் பட்டியலில் முந்தையதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் பயனாளரின் கோப்புகள் இவ்வாறு பின்னோக்கிச் செல்வதில்லை. அவை தனியே 'வார்' அடைவில் உள்ளன.

அப்படியாயின் புதிய மென்பொருளை எங்கே நிறுவுவது? திரைப் பயன்பாடுகளுக்கு பிளாட்பேக் உரியது. ஒவ்வொரு பயன்பாடும் 'ரன்டைம்' என்ற பொது நூலகத் தொகுதி ஒன்றைச் சார்ந்திருக்கும். மீதித் தேவைகளைத் தன்னுடனேயே கொண்டுவரும். இரு பயன்பாடுகள் வெவ்வேறு ரன்டைம் பதிப்புகளைக் கோரினாலும் இரண்டும் அருகருகே இருக்கலாம். இதற்கு விலை வட்டின் இடம். காலாவதியான ரன்டைமைப் பற்றி நிற்கும் பயன்பாட்டிற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கமாட்டா என்பதும் கவனிக்கத்தக்கது.

நிரல் எழுதப் பயிற்றும் ஆசிரியர்களுக்குத் தேவையான மொழிபெயர்ப்பிகளும் கருவிகளும் 'டூல்பாக்ஸ்' என்னும் கொள்கலனுக்குரியவை. அதனுள் வழக்கமான 'டிஎன்எஃப்' கட்டளையால் எதையும் நிறுவலாம். சார்புகள் சிக்கிக்கொண்டால் கொள்கலனை அழித்து வேறொன்று அமைக்கலாம். வீட்டு அடைவு பொதுவாக இருப்பதால் மாணவரின் கோப்புகள் அழிவதில்லை. அதே காரணத்தால் இதனைப் பாதுகாப்புச் சுவராகக் கருதுவது தவறு. அடித்தளம் புதுப்பிக்கப்படும்போது கொள்கலன் தானே புதுப்பிக்கப்படுவதும் இல்லை.

எஞ்சிய வழி, 'ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ இன்ஸ்டால்' கட்டளையால் பொதியை அடித்தளத்தின் மீதே ஓர் அடுக்காகச் சேர்ப்பது. தவறுகள் பெரும்பாலும் நிகழ்வது இங்கேதான். எளிதாகத் தோன்றுவதால் பலர் முதலில் இதனையே நாடுகின்றனர். சேர்த்த பொதியின் பெயர் கோரிக்கையாகப் பதிவு செய்யப்படுகிறது. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அது புதிய அடித்தளத்தின் மீது மீண்டும் பொருத்தப்பட வேண்டும். ஆகவே அடுக்கு கூடக்கூட, தயாரிப்பிடத்தில் தீர்ந்திருந்த சார்புப் பிரச்னை மறுபடியும் நம் கணிப்பொறிக்கே திரும்பி வருகிறது.

வெளிக் களஞ்சியப் பொதிகளில் இது மிகுதி. 2022-இல் பெடோரா, மீசா வரைகலைத் தொகுதியிலிருந்து சில காணொளி வடிவங்களுக்கான வன்பொருள் ஆதரவை நீக்கியது. பலர் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தின் மாற்றுப் பொதியை அடுக்கினர். அப்பொதி மீசாவின் பதிப்புடன் ஒத்திருக்க வேண்டும். அடித்தளத்தில் மீசா முன்னேறி, களஞ்சியம் சில நாள் பின்தங்கினால், சார்பு தீராமல் புதுப்பித்தல் முழுவதுமே நின்றுவிடும். கணிப்பொறி குறையின்றி இயங்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பிணக்கு சில நாட்களில் தீர்ந்தால் பெரிய தீங்கில்லை. தீராமலே நீடித்தால், உலாவியோடும் வரைகலையோடும் தொடர்பே இல்லாத பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த ஒரு பொதியின் பொருட்டு வராமற்போகும். பின்னணியில் நேரும் இத்தோல்வியைப் பயனாளர் அறியாமலும் இருக்கலாம்.

இதனால் அடுக்குமுறையை வன்பொருள் இயக்கிகள், அச்சுப்பொறிக்கு இன்றியமையாத பொதிகள் போன்ற வேறு வழியற்றவற்றிற்கு மட்டும் ஒதுக்குவது நலம். திரைப்படம் பார்ப்பதற்கு பிளாட்பேக் வடிவிலுள்ள இயக்கியே போதும். அது தன் நூலகங்களைத் தானே கொண்டுவருகிறது.

மாதம் ஒருமுறையேனும் 'ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ ஸ்டேட்டஸ்' கட்டளையை இயக்கி, நடப்புப் பதிப்பின் தேதியையும் அடுக்கப்பட்ட பொதிகளின் பட்டியலையும் பார்த்தல் வேண்டும். தேதி பல வாரங்கள் பழையதாயின், புதுப்பித்தலைக் கையால் இயக்கினால் எந்தப் பொதி தடுக்கிறதென்பது பிழைச் செய்தியில் தெரியவரும். அதனை 'அன்இன்ஸ்டால்' கட்டளையால் விலக்கி, புதுப்பித்து, கணிப்பொறியை மறுமுறை துவக்க வேண்டும். களஞ்சியம் ஒத்த பதிப்பை வெளியிட்ட பின், உண்மையிலேயே தேவையாயின், அப்பொதியை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.