முதல் கார் வாங்கும் பிள்ளைகளுக்கு

நாற்பது வருடம் சென்னையில் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன் நான். புது வண்டி எடுத்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "செராமிக் கோட்டிங் போடலாமா ஐயா?" என்றுதான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. அது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு கம்பெனியிலேயே அடித்து வருகிறது. அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். செராமிக் என்பது அதன்மேல் தடவி இறுகவிடும் சிலிக்கா திரவம். இறுகியபின் அதன் கனம் பெரும்பாலும் 1 அல்லது 2 மைக்ரான்தான்.

2. "9எச் கடினம்" என்று சொன்னால் வைரத்தை நினைக்காதீர்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. ஜிஎஸ்டி சாலையில் லாரி டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லியையோ, சந்தில் உரசிப் போகும் பைக்கையோ அது தடுக்காது. கல்லடிக்குப் பயந்தால் பிபிஎஃப் என்ற தடித்த பிளாஸ்டிக் படலம்தான் ஒட்ட வேண்டும். அதன் கனம் 150 மைக்ரானுக்கு மேல், செலவும் பல மடங்கு.

3. தண்ணீரைப் பாருங்கள். நம் ஊரில் பாதிப் பிரச்சினை இதுதான். கோட்டிங் போட்ட பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. வெயிலில் அந்த முத்து காய்ந்தால், நின்ற இடத்தில் வெள்ளை வட்டம் விழும். நாள்பட விட்டால் பாலீஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் விடியற்காலையில், நிழலில் கழுவி, உடனே மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வண்டிக்கு ஊற்றவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

4. காக்கை எச்சத்தை அன்றைக்கே எடுங்கள். கோட்டிங் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள்.

5. வண்டியின் பளபளப்பைக் கெடுப்பது பெரும்பாலும் துடைக்கும் துணிதான். தெருவில் பத்து வண்டிக்கு ஒரே வாளி, ஒரே துணி. அதில் ஒட்டிய மணல் உங்கள் வண்டியில் வட்ட வட்டமாய்க் கோடு போடும், கோட்டிங் இருந்தாலும் போடும். துடைக்கிறவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவருக்கு இரண்டு வாளி, நான்கு மைக்ரோஃபைபர் துணி, கார் ஷாம்பு வாங்கிக் கொடுங்கள். தூசியை உலர்துணியால் தேய்க்க வேண்டாம், முதலில் தண்ணீர் அடிக்க வேண்டும் என்று கூட நின்று சொல்லிக் கொடுங்கள்.

6. கோட்டிங் வேலையில் முக்கால் பங்கு அதற்கு முந்தைய வேலை. கழுவி, கிளே என்ற களிமண் கட்டியைத் தேய்த்து, கோடுகளைப் பாலீஷில் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் திரவத்தைத் தொட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஒவ்வொரு பாலீஷிலும் கிளியர் கோட் சிறிது தேயும் என்பதையும் மறக்க வேண்டாம்.

7. கோட்டிங் தொகையைக் கார் கடனோடு சேர்க்கச் சம்மதிக்காதீர்கள். ஐந்து வருட வாரண்டி என்றால், வருடா வருடம் காசு கட்டிச் சர்வீஸ் செய்ய வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

8. மூன்று வருடத்தில் விற்கப் போகும் வண்டிக்கும், இரவு பகல் தெருவில் நிற்கும் வண்டிக்கும் கோட்டிங் வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை நல்ல வாக்ஸ் போட்டால் போதும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறம், நிறுத்தும் இடத்தில் கூரை, எட்டு பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம், கழுவுவதும் உங்கள் கை என்றால் தாராளமாகப் போடுங்கள், கழுவும் வேலை சுலபமாகும். எதற்கும் முதல் ஆறு மாதம் நான் சொன்னபடி கழுவிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வண்டியோடு வாருங்கள், பெயின்டைப் பார்த்துச் சொல்கிறேன்.