மேற்பார்வையில் கற்கும் தொழிலே நிலைக்கும்

உளி பிடித்தவர் அனைவரும் மரம் சீவத் தெரிந்தவர் ஆகிவிடுவதில்லை. பட்டையை உரிய ஆழத்திற்குச் சீவ வேண்டும். உள்மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால், காயம் ஆறிய இடத்தில் முடிச்சு விழும். புதுப்பட்டை சீராக வளராது. இப்பக்குவத்தை நூலில் படித்து எவரும் பெற்றதில்லை. அனுபவசாலி ஒருவர் அருகில் நின்று, தவற்றை அவ்வப்போது திருத்தியதாலேயே கை பழகியது.

வாகனப் பொறிவினைஞராகவோ மின்பணியாளராகவோ உயர விரும்பும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே வழி.

இதனைக் கருதியே, ஜெர்மனி நாட்டு முறையைத் தழுவி, தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. இதன்படி, பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில் நடைபெறும்; எஞ்சியது பயிற்சி நிலையத்தில் பாடமாக அமையும். பயிற்சியாளர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்வார், உதவித்தொகையும் பெறுவார். தேர்ச்சியுற்றோருக்கு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படும். அதன் மூன்று நிலைகளைக் கடந்தவர் டிப்ளோமாவுக்கும் முன்னேறலாம். எஸ்.பி.எம். தேர்வில் பின்தங்கியவருக்கும் இவ்வழி அடைபட்டதன்று.

பழைய கிள்ளான் சாலையை அடுத்த கம்போங் மேடானில், தோட்டங்களை விட்டு வந்து குடியேறிய குடும்பங்கள் பல உள்ளன. இத்தகைய நகர்ப்புறங்களில் பள்ளியை விட்ட இளைஞர் பட்டறையில் சேர்வது எளிது. ஆனால், ஓராண்டு முழுதும் தரையைக் கூட்டி, தேநீர் வாங்கிக் கொடுத்தவருக்கு வேலை கிடைத்ததேயன்றித் தொழில் கிடைக்கவில்லை. கற்பிப்பாரும் மதிப்பிடுவாரும் இல்லாத உழைப்பு பயிற்சி ஆகாது.

ஆகவே, தோட்டத்துப் பெற்றோர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நன்று:

1. பிள்ளைக்கு வேலையிடத்தில் கற்பிக்கும் பொறுப்பாளர் யார்?
2. செய்த வேலைகள் குறிப்பேட்டில் பதியப்பட்டு, அவரால் கையொப்பமிடப்படுமா?
3. பயிற்சிக் காலமும் உதவித்தொகையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளனவா?
4. இயந்திரத்தைத் தொடுமுன் பாதுகாப்பு முறைகள் கற்பிக்கப்படுமா?
5. முடிவில் கிடைக்கும் சான்றிதழ் எந்த நிலையைச் சேர்ந்தது?

ஐயமிருப்பின், மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையை நாடலாம்.

பயிற்சிக்கால உதவித்தொகை தொழிற்சாலைச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அதனைக் கண்டு பிள்ளையை இடையில் நிறுத்திவிட்டால், கையில் சான்றிதழும் இராது. கற்ற தொழிலும் அரைகுறையாகவே நிற்கும். இளமரம் பால் தருமளவும் ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருப்பவர்கள் நாம். பிள்ளையின் கை தேறும் வரை சில காலம் பொறுத்திருத்தல் நமக்கு அரிதன்று.