தண்டும் பாயும்: மருமகனுக்கு அம்மான் எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படகின் படமும் வந்து சேர்ந்தன. படத்தை உன் அம்மாவிடமும் கொடுத்தேன். அவள் அதன் நீள அகலங்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நீ படகுக்குள் வரைந்திருக்கும் மூன்று உருவங்களுள் ஒன்று மற்ற இரண்டிலும் மிகச் சிறியதாயிருப்பதைச் சுட்டி, "இது பிள்ளையா?" என்று மட்டும் கேட்டாள். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் பிள்ளையையும் ஏற்றிப் போவதாக நீ முன்பு எழுதவில்லை. மாமியார் வீடு அங்கிருக்கையில் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? போய்வா. ஆனால் எந்தப் படகில் போகிறாய் என்பதில் எனக்கும் சிறிது அபிப்பிராயம் உண்டு.

பாய்க்கும் தண்டுக்கும் பொதுவாக ஒரு சிறு மரப்படகு அமைப்பதில் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறாய். படகு உன்னுடையது, முடிவும் உன்னுடையதே. ஆதலால் இரு கட்சியின் நியாயங்களையும் பட்சபாதமின்றி எடுத்துச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன். பாய்க்கு வேண்டியவை அகலமும், பாரமும், காற்றுக்குச் சாய்ந்தாலும் கவிழாத ஸ்திரமும், பக்கவாட்டில் வழுக்கிப் போகாதபடி நீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு பலகையும் ஆகும். தண்டுக்கு வேண்டியவையோ இவற்றுக்கு முற்றிலும் மாறானவை: ஒடுக்கம், இலேசு, தாழ்ந்த விளிம்பு, நீரைத் தொடும் பரப்பு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைவு. நீ இரண்டையும் சமமாக வைத்து யோசித்ததாகவும் தெரியவில்லை. பாய்ப்படகு ஒன்றை முழுவதும் வரைந்து முடித்துவிட்டு, மறந்துபோன விருந்தாளிக்கு மூலையில் இலை போடுவதுபோல, இரண்டு தண்டுகளைக் கடைசியில் செருகியிருக்கிறாய்.

கணக்கைப் பார். உன் படகு 16 அடி நீளம், 6 அடி அகலம். தண்டு பூட்டும் முளைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதியை எடுத்து, அதனோடு 2 அங்குலம் கூட்டினால் வருவது தண்டில் முளைக்கு உட்புறம் இருக்கவேண்டிய நீளம். அந்த உட்புறம் 7 பங்கானால் முழுத் தண்டும் 25 பங்காயிருக்கவேண்டும் என்பது தண்டு செய்வோர் கைக்கொள்ளும் ஒரு பிரமாணம். அதன்படி 6 அடி அகலத்துக்கு 11 அடிக்கு மேற்பட்ட தண்டுகள் தேவை. நீ போட்டிருப்பவை 8 அடி. அவை அவ்வளவு அகன்ற விளிம்பிலிருந்து நீரைத் தொட்டுத் தொட்டு மீளுமே தவிர, படகை நகர்த்தமாட்டா; பதினோரடித் தண்டுகளையோ, இரு கைக்கும் ஒவ்வொன்றாகப் பிடித்து அலைக்கெதிரே நெடுநேரம் வலிக்கக்கூடியவன் நம் குடும்பத்தில் இதுவரை பிறக்கவில்லை. ஆதலால் விளிம்பில் நாலரை அடியும் நீர்மட்டத்தில் மூன்றரை அடியும் வைத்து, பக்கங்களை மேல்நோக்கி வெளிப்புறம் விரியவிடு. நிமிர்ந்து நிற்கையில் அது ஒடுங்கிய படகாய்த் தண்டுக்கு இசையும். காற்றில் சாய்கையில் விரிந்த பக்கம் நீரில் பதிந்து தாங்கும். தண்டும் ஏறக்குறைய எட்டரை அடியில் அடங்கிவிடும்.

நெடுநேரம் தண்டு வலிப்பவன் தரக்கூடிய பலம் ஒரு குதிரைச் சக்தியில் ஏறக்குறையப் பத்திலொரு பங்குதான். அதைக்கொண்டு இவ்வளவு பெரிய படகை மணிக்கு 3 கடல்மைல் வேகத்தில் செலுத்தலாம். அந்த வேகத்தில் படகை மறிப்பது பெரும்பாலும் அதன் மேனியை உராயும் நீரே. அந்த உராய்வு போதாதென்று கடையாரைப் பட்டைப் பலகையாக நீருக்குள் அமிழ்த்தி வைத்திருக்கிறாயே, அது தகாது. பின்னால் நீரைச் சுழித்து இழுத்துக்கொண்டே வரும். கடையாரையும் அணியத்தைப்போலக் கூராக முடி, அல்லது பலகையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடு.

இனிப் படகின் அடிமரமாகிய ஏரா. இதை எழுதவேண்டாமென்றுதான் இருந்தேன். நடுப்பலகை இறங்குவதற்காக ஏராவின் மத்தியில் 4 அடி நீளத்துக்கு ஒரு பிளவு காட்டியிருக்கிறாய். பெரியண்ணர் செய்வித்த காரியம் உனக்குத் தெரியாததன்று. அதைச் செய்த ஓடாவியின் பெயரை நான் இன்றைக்கும் வாயால் சொல்வதில்லை. எங்கள் அப்புவின் வள்ளம், ஒரு குறையுமில்லாதிருந்த வள்ளம், அதன் ஏராவையல்லவா நடுவே அறுத்து நடுப்பலகைக்குப் பெட்டி வைத்தார்கள்! அலையில் படகு வளையும்போது எந்த இடத்தில் பாரம் அதிகமாகத் தாக்குமோ அந்த இடத்தையே பிளந்துவிட்டு, மேலே பலகையடித்து மூடினால் அது உறுதியாகுமா? பாயில் காற்று மோதும்போதெல்லாம் நடுப்பலகை பெட்டியைப் பக்கவாட்டில் நெம்பும். நெம்ப நெம்பப் பெட்டியும் ஏராவும் சேரும் பொருத்து இளகும். எத்தனை முறை கலப்பற்றுப் பார்த்தாலும், குங்கிலியத்தைக் காய்ச்சி வார்த்தாலும், அந்தப் பொருத்திலே நீர் கசிந்துகொண்டேயிருக்கும். கரையேற்றும்போது முருகைக்கல்லும் சிப்பியும் பிளவுக்குள் ஏறிச் செருகிக்கொள்ள, பலகை இறங்கவேண்டிய வேளையில் இறங்காது, ஏறவேண்டிய வேளையில் ஏறாது. அது மாத்திரமா? தண்டு வலிப்பவன் கால் ஊன்றவேண்டிய இடமும், அவனுக்கு எதிரே ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்து உட்காரவேண்டிய இடமும் அந்தப் பெட்டிக்கே போய்விடும். அப்பு அதற்குப் பிறகு அந்த வள்ளத்தில் ஏறவில்லை. அது போகட்டும்.

நடுப்பலகையுள்ள படகு எதிர்க்காற்றில் நன்றாக ஏறும் என்பதை நான் மறுக்கவில்லை. தண்டும் பாயும் கலந்து செலுத்திய அமெரிக்கத் திமிங்கில வேட்டைப் படகுகளிலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைப் புகுத்தினார்கள் என்று நீ எழுதியிருப்பது மெய்தான். ஆனால் அவற்றில் ஐந்து பேர் தண்டு வலித்தார்கள், பிள்ளைகள் யாரும் இருக்கவில்லை. 1789-இல் பவுண்டி என்னும் கப்பலிலிருந்து கலகக்காரர் இறக்கிவிட்ட கப்பித்தான் பிளை, தம்மோடிருந்த பதினெண்மரில் ஒருவரைத் தோஃபுவா தீவில் பறிகொடுத்தபின், 23 அடிப் படகொன்றில் பாயையும் தண்டையும் நம்பித் தீமோர் வரை போய்ச் சேர்ந்தாரே, அந்தப் படகில் நடுப்பலகை கிடையாது. காற்று அவருக்கு முதுகுப்புறமாயிருந்தது என்று நீ மறுமொழி எழுதுவாய். இருக்கட்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய் அடைந்ததே, பெரிய கப்பலைச் சிறு படகுக்குச் சாட்சி அழைப்பது முறையன்று எனினும், அதன் ஏராவையும் யாரும் பிளக்கவில்லை என்பதைக் குறிப்பிடாமல் விட எனக்கு மனமில்லை. எதிர்க்காற்றுக்குப் பலகை வேண்டியதே என்றால், அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைகளில் செய்துவந்ததுபோலப் படகின் பக்கத்திலே தொங்கவிட்டு இறக்கும் பலகை போதும். பாய் கட்டும்போது போடு. தண்டெடுக்கும்போது கழற்றி உள்ளே வை. பரவைக்கடலில் தரை தட்டினாலும் ஏராவுக்கு ஒன்றும் நேராது.

பாயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 120 சதுர அடி என்று போட்டிருக்கிறாய். நாலரை அடி அகலத்துக்கு 80 போதும். பாய்மரத்தையும் மூங்கிலையும் படகின் நீளத்துக்குள் அடங்குமாறு வெட்டு. எதிர்க்காற்றில் தண்டு வலிக்கும்போது நிற்கும் மரமும் காற்றைப் பிடித்துப் பின்னுக்கிழுக்கும். அதைப் பிடுங்கிக் கிடத்திவிட முடியவேண்டும்.

சோழகக் காலத்தில் நீ போகும்போது காற்று எதிர், திரும்பும்போது சாதகம். ஆதலால் காற்று ஏறுமுன் விடியற்புறத்தில் தண்டு வலித்துப் போ, பாய் விரித்துத் திரும்பிவா. காற்றொன்றையே நம்பிப் புறப்பட்டு, அது விழுந்தபின் நீரோட்டத்தில் அள்ளுண்டு, இருட்டியும் கரை காணாமல் கிடந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். உன் அம்மா அப்படி ஒரு நாள் கரையில் நின்றிருக்கிறாள். அப்போது நீ பிறக்கவில்லை.

அதிகம் எழுதிவிட்டேன், மனம் வருந்தாதே. உன் படத்தில் அணியம் வளைந்தேறும் இலட்சணத்தை நான் எத்தனை முறை பார்த்தேனென்று உனக்குத் தெரியாது. அப்பு இருந்து அதைக் கண்டிருந்தால் சந்தியில் நின்று எல்லாருக்கும் காட்டியிருப்பார். என் மக்களுள் ஒருவனுக்கும் வாய்க்காத கை உனக்கு வாய்த்திருக்கிறது. கிணற்றடி வேம்பைத் தறித்துப் பலகையறுத்து நிழலில் அடுக்கியிருக்கிறேன். வங்குக்கேற்ற வளைந்த கிளைகளும் உண்டு. எல்லாம் உனக்கே, விலை பேசினால் கோபிப்பேன். கலப்பற்றுக் கூலியும் என் பொறுப்பு. நடுப்பலகைதான் வேண்டுமென்று நீ நின்றாலும் வைத்துக்கொள். அதற்காக மரத்தைத் தரமாட்டேன் என்று சொல்லும் அற்பன் அல்லேன். படகுக்குப் பிள்ளையின் பெயரையே வை. உன் அம்மா பனாட்டும் புழுக்கொடியலும் கட்டி அனுப்புகிறாள். பிள்ளைக்கு என் முத்தங்களைக் கொடு. ஏராவில் வாள் வைக்கும் நாளை மட்டும் நான் வந்து சேரும்வரை தள்ளிப்போடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மான்