ரசீது கேட்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீ தாக்கல் செய்த சமரச மனுவின் நகல் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று கேட்காதே. நம் கோர்ட் வளாகத்தில் காகிதத்துக்குக் கால் உண்டு. உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதைப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம், அந்த மனுவில் நீ செய்த தவறையேதான் உன் வயதுக்காரர்கள் பலரும் செய்கிறார்கள் என்பது. கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் கட்சிக்காரர்களின் பெயரும் இதில் வராது.

பலருக்காகச் சேர்த்து வழக்கு நடத்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35(1)(சி) அனுமதி, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 1 ரூல் 8 எல்லாம் உனக்கு மனப்பாடம். நேரே ஏழாம் பத்திக்கு வருகிறேன். ஏஜென்ட் வாங்கிய கமிஷனைத் திரும்பப் பெற விரும்பும் கடன்தாரர், அசல் ரசீதுடன் முப்பது நாளுக்குள் கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எந்த ஏஜென்ட்டப்பா கமிஷனுக்கு ரசீது கொடுத்தான்? 8 லட்சம் கடனுக்கு 2 சதவீதம், 16,000 ரூபாய். லீகலுக்கு, வில்லங்கத்துக்கு, மேனேஜருக்கு என்று விரல் மடக்கிக் கணக்குச் சொல்லி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணி வாங்கியவன் அவன். ரசீது இருந்தால் அந்த ஆள் உன்னிடம் ஏன் வருகிறான்? எதிர்த்தரப்பு வக்கீல் இந்த வரியைச் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வட்டிக்கு வட்டி வழக்கை நினைத்துப் பார். கொரோனா காலத்தில் தவணையை ஒத்திவைக்க அனுமதித்த ஆறு மாதம், 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2 கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவதாக மத்திய அரசு இறங்கி வந்தது. நவம்பர் 5-க்குள் கணக்கில் வரவு வைக்கச் சொன்னார்கள். விண்ணப்பம் கிடையாது, ரசீது கிடையாது. தவணையை நிறுத்தி வைக்காமல் ஒழுங்காகக் கட்டியவனுக்கும் உண்டு. 2021 மார்ச் 23 தீர்ப்பு அந்த 2 கோடி வரம்பையும் எடுத்துவிட்டு, அந்த ஆறு மாதத்துக்கு வசூலித்த வட்டிக்கு வட்டியை அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளச் சொன்னது. பாலக்கோட்டில் என் உறவினர் ஒருவர், "யாரோ தப்பா காசு போட்டுட்டாங்க மாமா, போலீஸ்ல சொல்லணுமா?" என்று பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சேர வேண்டிய பணம் அப்படித்தான் வந்து சேர வேண்டும். கடன் கணக்கு எண் கம்பெனியிடம் இருக்கிறது. மாதம் ஐந்தாம் தேதி தவணையை எடுக்கத் தெரிந்தவனுக்கு அதே கணக்கில் போடத் தெரியாதா?

இரண்டாவது எரிச்சல் நோட்டீஸ். ஒரு நாளிதழில் ஒரு மூலையில் விளம்பரம் போட்டு முடித்துவிட்டாய். ரூல் 8-ஐ எடுத்து மறுபடி படி. நேரில் சார்வு செய்வதுதான் முதலில் வருகிறது; ஆட்கள் அதிகமாகி அது நடைமுறைக்கு ஒத்துவராதபோதுதான் பத்திரிகை விளம்பரம். ஒவ்வொருவருடைய வீட்டு முகவரியும் செல்போன் எண்ணும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும்போது என்ன ஒத்துவரவில்லை? ஒரு நாள் தவணை தவறினால் அரூர் மலையடிவாரம் வரை ஆள் அனுப்பிக் கண்டுபிடிக்கிறார்களே. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-ல் அரசு நிறுத்தியது, நல்லதுதான். ஆனால் ரேஷன் கடைச் சுவரும் பால் சொசைட்டிப் பலகையும் எங்கேயும் போய்விடவில்லை. நான் பார்க்கும் ஜூனியர்களிடமெல்லாம் இதையே சொல்லி அலுத்துவிட்டேன், எனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்றும் தெரியும். சமரசத்துக்கும் தனியாக நோட்டீஸ் வேண்டும், நான்காம் உட்பிரிவு. உத்தரவு ஆகிவிட்டால் வராதவனையும் அது கட்டும். விளம்பரத்தைப் பார்க்காத பென்னாகரத்துக்காரன் தன் 16,000-ஐ இழப்பது மட்டுமல்ல, பிறகு கேட்கும் வழியும் அடைபட்டுப்போகும்.

காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைச் சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். விற்பவனிடமும் தரகு, வாங்குபவனிடமும் தரகு. ஆனால் இரண்டு பேருக்கும் அது தெரியும், தரகர் காசை வாங்கி எல்லோரும் பார்க்க மடியில் முடிந்துகொள்வார். இந்த லோன் ஏஜென்ட் கம்பெனியிடம் வாங்குவது கடன்தாரனுக்குத் தெரியாது, கடன்தாரனிடம் வாங்கியது தனக்குத் தெரியாது என்கிறது கம்பெனி. அமெரிக்காவில் வீட்டுக் கடனில் இந்த மாதிரிக் கள்ளத் தரகை 1974-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 238-ஆம் பிரிவு போதும். தன் வேலையின் போக்கில் ஏஜென்ட் செய்த மோசடி முதலாளி செய்த மோசடி மாதிரிதான். உன் மனுவில் அந்தப் பிரிவு எங்கே?

இன்னொன்று, சுருக்கமாக. எல்லாக் கடன்தாரரையும் ஒரே மூட்டையில் கட்டாதே. 2024 அக்டோபர் 1 முதல் கடன் வாங்கியவர்கள் கையில் கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவரத் தாள் இருக்கிறது, அதில் காட்டாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முன்னால் வாங்கியவர்களுக்கு அந்தப் பிடி இல்லை. இரண்டு பட்டியலாகப் பிரி. பெங்களூர் பிரிகேட் வழக்கில் 1,134 வீடுகளுக்கும் சேர்த்துப் பேச வந்தவர்களுக்கு, எல்லாருடைய நலனும் ஒன்று என்பதை மனுவில் காட்டவில்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தகுதியைத் தரவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பணம் கேட்டார்கள், அதனால் வழக்கும் தனித்தனி என்று எதிர்த்தரப்பு கிளம்பினால், வீட்டு வசதி வாரியத்துக்கு எதிராக கணபதி 1990-ல் ஜெயித்ததை எடுத்துப் போடு. அசோக் நகர்க் குறைந்த வருவாய்ப் பிரிவு வீட்டுக்காரர்களின் வழக்கு, நம் தமிழ்நாட்டு வழக்கு. அதையும் நீ காட்டவில்லை.

இத்தனை திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மனுவோடு நீ இணைத்திருக்கும் அட்டவணை இருக்கிறதே, அனுமதித்த தொகை, கையில் வந்த தொகை, ஏஜென்ட்டுக்குப் போனது, எந்தத் தேதி, யார் முன்னிலையில் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது, அப்படி ஒன்றை இந்த வளாகத்தில் நான் பார்த்ததே இல்லை. சீனியர்கள் யாரும் செய்ததில்லை, என் சீனியர் உட்பட. மோரப்பூர்ப் பாட்டி கம்மலை அடகு வைத்துக் கமிஷன் கொடுத்தாள் என்று குறிப்புப் பத்தியில் எழுதியிருக்கிறாய். அந்த அடகுச் சீட்டின் தேதியும் நீ போட்ட தேதியும் ஒத்துப்போகின்றன. ரசீதுக்கு ரசீது அதுதானே! இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் பத்தியை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

அடுத்த வாய்தாவுக்கு முன் திருத்த மனு போடு. ஏழாம் பத்தியை அடித்துவிட்டு, அட்டவணையில் உள்ளவர்களுக்குக் கடன் கணக்கில் நேரடி வரவு, மற்றவர்களுக்குக் கம்பெனி செலவில் பதிவுத் தபாலில் தமிழ் நோட்டீஸ் என்று எழுது. எதிர்த்தரப்பு முரண்டு பிடித்தால் சமரசமே வேண்டாம், விசாரணைக்குப் போ. அட்டவணையை இன்னொரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பிவை. கம்பெனி தபால் செலவைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் வாதத்துக்கு நானே வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் சீனியரின் சீனியர்