கரண்டுக்கு முன்னால் பல் டாக்டர்

டான்சில் புற்றுக்கு எனக்குக் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள். புற்று போய்விட்டது. ஆனால் கீழ்த்தாடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அது புற்றால் வந்ததல்ல, ஒரு சொத்தைக் கடைவாய்ப்பல்லால் வந்தது.

மாஸ்க், ஸ்கேன், பிளான் எல்லாம் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். அதற்கெல்லாம் முன்பே பல் டாக்டரிடம் போங்கள். எனக்கு டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்காத டாக்டர் இல்லை; பல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தேறாத பல்லை இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிப் புண்ணை ஆறவிட வேண்டும். டான்சிலுக்கு வழக்கமாக 35 சிட்டிங்கில் 70 கிரே (கதிர் அளவு) கொடுப்பார்கள். பக்கத்தில் இருக்கும் தாடையும் அதில் கணிசமாக வாங்கிக்கொள்ளும். எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அப்புறம் பிடுங்கினால் குழி மூடாமல் எலும்பு செத்துப்போகலாம்.

எனக்கு நடந்தது அதுதான். கரண்ட் வைத்த உடம்பு என்று சொல்லியும், "அதெல்லாம் முடிஞ்சு வருஷக்கணக்காச்சே சார்" என்று தெருமுனை கிளினிக் பல் டாக்டர் பிடுங்கிவிட்டார். எத்தனை வருஷம் போனாலும் இந்த ஆபத்து போகாது. வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். ரேடியேஷன் டாக்டருக்கு ஒரு போனாவது போட்டிருக்கலாம். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

புற்றின் வடிவத்துக்கு ஏற்பக் கரண்டின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "எல்லாக் கரண்டும் ஒண்ணுதான், எதுக்கு வீண்செலவு மாப்ளே" என்றார் மாமா. உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருப்பார், கேட்காதீர்கள். 2011-ல் வெளியான பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டு கழித்தும் வாய் வறட்சியால் அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். புற்று இல்லாத பக்கத்துக் காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்குள் நிறுத்த முடியுமா என்று நான் கேட்டது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிளானை மறுபடி பார்த்தார். இன்று தண்ணீர் பாட்டில் இல்லாமல் இட்லி சாப்பிடுகிறேன் என்றால் அன்று வாயைத் திறந்து கேட்டதால்தான்.

உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளியுங்கள், ஃபுளோரைடு ஜெல்லை நிறுத்தாதீர்கள். கழுத்தில் கரண்ட் பட்டால் தைராய்டும் மந்தமாகலாம். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். என் சீட்டில் அது இல்லை.